அத்தியாயம் 6: பாதியில் நிற்கும் லீவர்

லீவர் ரைஃபிளில் தோட்டா சிக்குகிறது என்றதும் பலருடைய கை முதலில் அரத்தைத் தேடும். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். கைமாறி வந்த பழைய ரைஃபிளைத் திறந்தால், யாரோ ஒரு புண்ணியவான் சேம்பர் வாயையோ தோட்டாவைத் தூக்கிக்கொடுக்கும் கேரியரின் முனையையோ பளபளவென்று தேய்த்துவைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கோளாறு அங்கே இருந்திருக்காது. தேய்த்த இரும்பு திரும்ப வராது. பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேர்ந்துவிட்டதுதான் மிச்சம்.

இங்கே பெரும்பாலும் மார்லின் 336 பற்றியும், அதன் தம்பியான 1894 பற்றியும் பேசப்போகிறோம். 336 சந்தைக்கு வந்தது 1948இல். அதன் உள்ளமைப்பின் வேர் 1893ஆம் ஆண்டு மாடலில் இருக்கிறது. வின்செஸ்டர் 94க்கும் கடைசியில் கொஞ்சம் இடம் உண்டு. பென்சில்வேனியாவிலோ விஸ்கான்சினிலோ பழைய துப்பாக்கி விற்கும் கடைக்குள் நுழைந்தால், மான் வேட்டைக்கு என்று சுவரில் சாத்திவைத்திருக்கும் லீவர் ரைஃபிள்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பங்கள்தான். அவற்றுள் மார்லினைத் திறப்பது எளிது. ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் கையோடு வந்துவிடும். வீட்டு மேசையில் பழுதுபார்க்க இதைவிடத் தோதான வேட்டைத் துப்பாக்கி அரிது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். இந்தப் பக்கங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் முறையான உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்காக எழுதப்பட்டவை.

மேசைக்கு வருமுன்

குழாய் மேகசினில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. லீவரை இயக்கிக்கொண்டே இருந்து, இனி ஒன்றும் வரவில்லை என்றான பிறகும் நம்பவேண்டாம். லீவரைத் திறந்துவைத்து, டார்ச் அடித்து சேம்பரைப் பாருங்கள்; சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். பிறகு குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் தெரியக்கூடாது. ஃபாலோயர் என்கிற தள்ளுகட்டை தெரியவேண்டும். பிசுக்கேறிய குழாயில் ஸ்பிரிங்கும் ஃபாலோயரும் பாதியில் மாட்டிக்கொண்டு, ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடுவது நடக்கக்கூடியதுதான். உயிருள்ள தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். சோதனைக்கு மேசையில் இருக்கவேண்டியவை டம்மி தோட்டாக்கள் மட்டும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் டம்மி இந்த வேலைக்குப் போதாது. எடை குறைவு, விளிம்பும் மெத்தென்று இருக்கும். நிஜத் தோட்டா சிக்குகிற இடத்தில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். தோட்டா நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் ப்ரைமரும் மருந்தும் இல்லாத காலிக் கூட்டில் குண்டை அமுக்கி, வாயை நன்றாக நெருக்கி, ஆறு ஏழு செய்து வைத்துக்கொள்ளலாம். கூட்டின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுவிட்டால், வேட்டைப் பைக்குள் தவறிப் போனாலும் தொட்ட மாத்திரத்தில் அடையாளம் தெரியும்.

எங்கே நின்றது?

சிக்கியதும் லீவரைப் போட்டு இழுக்காதீர்கள். நிறுத்திப் பாருங்கள். பழுதுபார்ப்பதில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. தோட்டா குழாயைவிட்டு வெளியே வரவே இல்லையென்றால் ஸ்பிரிங், ஃபாலோயர், குழாயில் ஒடுக்கு, அழுக்கு ஆகியவற்றைச் சந்தேகப்படவேண்டும். கேரியர்மேல் தோட்டா வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் கேரியர் மேலே வராமல் லீவர் கல்லாக இறுகிவிட்டது என்றால் அது தனிக் கதை. பின்னால் விரிவாக வருகிறது. தோட்டா மேலே வந்து அதன் மூக்கு சேம்பர் விளிம்பில் முட்டி நிற்கிறது என்றால் குண்டின் வடிவத்தையும் நீளத்தையும் பாருங்கள். முழுக்க உள்ளே போயும் போல்ட் கடைசி அரை அங்குலம் மூடமாட்டேன் என்றால் சேம்பரில் அழுக்கோ, சரியாக அளவு செய்யாத கூடோ காரணமாக இருக்கலாம். சுட்ட காலிக் கூடு வெளியேறாமல் உள்ளேயே கிடந்து புதுத் தோட்டாவை மறிக்கிறது என்றால், பார்க்கவேண்டியது எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும்.

இந்த ஐந்தில் எது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்கவேண்டாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே டம்மிகளை ஓட்டிப் பாருங்கள். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கண் தவறவிடுவது திரையில் தெரியும்.

கையின் குற்றம்

மெக்கானிக்குகள் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிற காரணம் இது. துப்பாக்கியில் கோளாறே இருக்காது. லீவரை முழுக்கத் தள்ளியிருக்கமாட்டார். மான் பக்கத்தில் நிற்கிறதே, சத்தம் கேட்டுவிடுமே என்று பூப்போல லீவரை இறக்குவார். லீவர் அதன் எல்லையில் போய் முட்டாமலே திரும்பிவிடும். காலிக் கூடு எஜெக்டரில் படவில்லை, புதுத் தோட்டா கேரியர்மேல் முழுசாக வந்து சேரவில்லை. பிறகு மூடினால் சிக்காமல் என்ன செய்யும்?

லீவர் முன்னால் போய் ‘டக்’ என்று முட்டவேண்டும், அதே வேகத்தில் திரும்பவேண்டும். பாதியில் மனம் மாறித் திரும்ப மூடுவது, மறுபடி திறப்பது எல்லாம் கூடாது. தோளில் வைத்தபடியே டம்மிகளை ஓட்டிப் பழகுங்கள். மேசையில் சரியாக ஓடும் துப்பாக்கி தோளில் சிக்குகிறது என்றால், குற்றவாளி யார் என்று சொல்லவேண்டியதில்லை.

கையின் குற்றத்தில் இன்னொன்று தோட்டா போடும்போது நடக்கிறது. பக்கவாட்டில் உள்ள லோடிங் கேட் வழியாகத் தள்ளும் கடைசித் தோட்டா முழுக்க உள்ளே போய், கேட் சொடுக்கிட்டு மூடிக்கொள்ளவேண்டும். கட்டைவிரல் வலிக்கிறதென்று பாதியில் விட்டால் அதன் விளிம்பு கேட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தோட்டாவின் அளவு

.30-30 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 2.550 அங்குலம், அதாவது சுமார் 64.8 மி.மீ. கடையில் வாங்கும் தோட்டா இந்த எல்லைக்குள்தான் இருக்கும். வீட்டில் நிரப்பியதில்தான் வம்பு. குண்டைச் சற்றே வெளியே நீட்டி உட்காரவைத்தால் தோட்டா கேரியரில் அடங்காது. கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் சரியாக நெருக்காவிட்டால், குழாயின் ஸ்பிரிங் அழுத்தமும் சுடும்போது வரும் உதைப்பும் சேர்ந்து குண்டை உள்ளே தள்ளிவிடும். ஒரே பெட்டித் தோட்டாவில் இரண்டு சிக்கி மூன்று ஓடினால் காலிப்பரை எடுத்து அளந்து பாருங்கள்.

கூர்முனைக் குண்டு பற்றி ஒரு தடவை சொன்னால் போதும். குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு அடுத்ததன் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கூரான கெட்டி முனை என்றால் உதைப்பில் ப்ரைமர் வெடிக்கலாம், முன்கட்டையைப் பிடித்திருக்கும் உங்கள் இடதுகைக்கு அடியிலேயே. அதனால்தான் இந்தத் துப்பாக்கிகளுக்குத் தட்டை மூக்குக் குண்டு. ஹார்னடி நிறுவனத்தின் ரப்பர் போன்ற மென்முனைக் குண்டுகள் இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை, அவற்றைப் போடலாம்.

அழுக்கு, எண்ணெய், ஸ்க்ரூ

எண்ணெய் விஷயத்தில் தாராளம் வேண்டாம். கேட் வழியாக ஸ்ப்ரே எண்ணெயைப் பீய்ச்சி அடித்துவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணெய் கரியோடு சேர்ந்து குழாய்க்குள் பசையாகிறது. மெய்ன் மாநிலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே போன ஒரு காலைப்பொழுதில் ஃபாலோயர் நகராமல் நிற்பது இதனால்தான். குழாயின் முனையில் உள்ள மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். மூடி அழுத்தத்தில் இருக்கும். முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழாயை உலர் துணியால் துடைத்து, ஸ்பிரிங்கை எண்ணெய்த் துணியால் ஒரு தடவை உருவினால் போதும். புதிய ஸ்பிரிங் வாங்கினால் குழாயைவிட நன்றாகவே நீளமாக வரும். அது அப்படித்தான் இருக்கவேண்டும், வெட்டிக் குறைக்காதீர்கள்.

அடுத்து ஸ்க்ரூக்கள். லோடிங் கேட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால் கேட் ஆடும், தோட்டாவை உரசும். லீவரின் அச்சு ஸ்க்ரூ தளர்ந்தால் எல்லாப் பாகங்களின் நேரமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பும். சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும். ஸ்க்ரூவின் வாயில் மேல்விளிம்பை மட்டும் பிடித்து, நழுவி, வாயைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கு என்று விற்கும் திருப்புளியின் நுனி இரு பக்கமும் இணையாக இருக்கும். அடிவரை போய் உட்காரும். இந்தத் தொழிலில் நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் முதல் கருவி அதுதான். அடிக்கடி தளரும் ஸ்க்ரூவுக்கு நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்றமுடியாது.

மார்லினுக்கே உரிய சிக்கல்

இனி, லீவர் கல்லாக இறுகும் அந்தக் கதை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதற்கு ‘மார்லின் ஜாம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். 336இலும் வரும், 1894இல் இன்னும் அதிகம்.

லீவரை முழுக்கத் திறந்ததும் குழாயிலிருந்து ஒரு தோட்டா பின்னோக்கி வழுக்கி, கேரியர்மேல் வந்து அமர்கிறது. லீவரை மூடத் தொடங்கிய அந்தக் கணமே கேரியர் மேலெழும்பவேண்டும். ஏனென்றால் தோட்டாவைத் தூக்கிக்கொடுப்பதோடு, அடுத்த தோட்டா வெளியே வராமல் மறிப்பதும் கேரியரின் முன்முனைதான். ரயில்வே கேட்காரர் ஒரு நொடி தாமதித்தால் வண்டி தண்டவாளத்துக்குள் நுழைந்துவிடுகிற மாதிரி, கேரியர் சற்றே தாமதித்து எழுந்தால் அடுத்த தோட்டாவின் அடிப்பாகம் மெல்லிசாகத் தலைநீட்டிவிடும். அவ்வளவு போதும். கேரியர் மேலே போகவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. லீவர் இறுகிவிடும்.

கேரியர் ஏன் தாமதிக்கிறது? அதைத் தூக்குவது லீவரில் உள்ள நத்தை ஓடு வடிவக் கேம். அதன் ஓரம் சில துப்பாக்கிகளில் கத்திபோலக் கூராக விடப்பட்டிருக்கும். லீவரை இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஓரம் கேரியரை ஒரே இடத்தில் செதுக்குகிறது. ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு, சில சமயம் அதற்கு முன்பே, கேரியரில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். பிறகு கேம் அந்தப் பள்ளத்தைக் கடந்த பிறகுதான் கேரியர் அசையத் தொடங்கும். அந்தத் தாமதம்தான் கோளாறு. மேகசின் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றினால் இது சரியாகாது. அடுத்த தோட்டா இன்னும் வேகமாகத் தலைநீட்டும்.

வெளியில் சிக்கிவிட்டால் லீவரைப் பலம் போட்டு இழுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை ட்ரிகர் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டை அமுக்கி, உள்ளே தலைநீட்டும் தோட்டாவைக் குழாய்க்குள் திரும்பத் தள்ளியபடியே லீவரை லேசாக ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும். இதற்கு மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். திருப்புளி நுனி நேராகப் ப்ரைமர்மேல் போய் நிற்கும், அது வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் குழாய் மூடியைக் கழற்றி ஸ்பிரிங் அழுத்தத்தை இறக்கிவிட்டு முயலுங்கள்.

வீட்டுக்கு வந்து லீவரைப் பாதி திறந்து, அதன் அச்சு ஸ்க்ரூவைக் கழற்றி லீவரைக் கீழே உருவுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து எடுங்கள். இடதுபக்கச் சுவரில் இருக்கும் எஜெக்டர் தளர்ந்து விழும், அதைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது கீழிருந்து டார்ச் அடித்து, கேம் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசி, மறுபடி மாட்டி, டம்மியோடு இருபது தடவை இயக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அழிந்த கோடு மெல்லிய ஒற்றைக் கீறலாக இருந்தால் கேம் ஓரம் வெட்டுகிறது. அகலப் பட்டையாக அழிந்திருந்தால் நல்லது.

சரிசெய்வதில் முறை முக்கியம். முதலில் லீவரின் கேம். மெல்லிய எண்ணெய்க்கல்லால் அந்தக் கூரான ஓரத்தை மட்டும் மழுக்கி, எமரி தாளால் வழவழப்பாக்குங்கள். கேமின் உயரத்தைத் தொடவே கூடாது. உயரம் குறைந்தால் கேரியர் இன்னும் தாமதமாக எழும். இதைச் செய்யாமல் புதுக் கேரியர் வாங்கி மாட்டுகிறவர்கள் அதையும் செதுக்கக் கொடுக்கிறார்கள்.

பிறகு கேரியர். பின்கட்டையையும் ட்ரிகர் தகட்டையும் கழற்றினால்தான் அது வெளியே வரும். பள்ளம் சிறிது என்றால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு ஒன்றைத் துண்டாக வெட்டி, வெள்ளி கலந்த பற்றாசு வைத்துப் பள்ளத்தின்மேல் ஒட்டி, மட்டமாக்கலாம். பழைய மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் வழி இது. சரியாகச் செய்தால் நீண்டகாலம் தாங்கும். வெல்டிங் வைத்து நிரப்பியும் தேய்க்கிறார்கள். பற்றவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்காமல் புதுக் கேரியரே வாங்குவது என் கருத்தில் நல்லது. புதுசும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமுடியாது. கொஞ்சம் பொருத்தும் வேலை இருக்கும்.

பழைய மார்லின் வாங்கப்போகிறவர்கள் இந்த நகச் சோதனையைக் கடையிலேயே அனுமதி கேட்டுச் செய்துகொள்ளலாம். குழலில் ‘ஜே.எம்.’ முத்திரை உள்ள பழைய துப்பாக்கிகளுக்குச் சந்தையில் மவுசு அதிகம். 2010ஐ ஒட்டித் தொழிற்சாலை கனெக்டிகட்டிலிருந்து நியூயார்க் மாநிலத்துக்கு மாறிய காலத்துத் துப்பாக்கிகளில் பிசிறு அதிகம் என்று வேட்டைக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2020இல் ரூகர் வாங்கிய பிறகு வருபவற்றுக்கு நல்ல பேர். முத்திரை எதுவானாலும் நகம் பொய் சொல்லாது. ‘ஜே.எம்.’ போட்ட துப்பாக்கியிலும் பள்ளம் இருக்கும்.

கைத்துப்பாக்கித் தோட்டா போடும் 1894

.30-30 கழுத்து ஒடுங்கிய தோட்டா, சேம்பருக்குள் தானாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். .357 மேக்னமும் .44 மேக்னமும் நேர் உருளை, அகலத் தட்டை மூக்கு. சேம்பர் விளிம்பில் முட்ட அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். தோளோடு கூடிய செமி வாட்கட்டர் குண்டு கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சிக்கினால் துப்பாக்கியைக் குறைசொல்லாமல், உருண்டை ஓரமும் தட்டை மூக்கும் உள்ள குண்டுக்கு மாறிப் பாருங்கள். .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் சுடலாம்தான். ஆனால் நீளம் குறைவு என்பதால் கேரியர்மேல் முன்பின் ஆடும், நேரம் தப்பும். .38இல் மட்டும் சிக்கி .357இல் ஓடினால் எதையும் திருத்தத் தேவையில்லை.

வின்செஸ்டர் 94

ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. இதில் தோட்டாவை இருபுறமும் வழிநடத்தும் கைடு பட்டைகள் உண்டு. ரிசீவரின் பக்கவாட்டு ஸ்க்ரூக்கள்தான் அவற்றைப் பிடித்திருக்கின்றன. தோட்டா கோணலாக எழும்பினாலோ நழுவினாலோ முதலில் அந்த ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். கைடுகள் தேய்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். 94ஐ முழுக்கப் பிரிப்பது மார்லின் அளவுக்குச் சுலபம் இல்லை. பிரித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் மெக்கானிக்குகள் கூடுதல் கூலி கேட்பது நியாயமே.

திரும்ப மாட்டும்போது

மார்லினில் எஜெக்டரை முதலில் வைக்கவேண்டும். அதன் சிறு முளை ரிசீவரின் இடது சுவரில் உள்ள துளையில் உட்காரவேண்டும். அதை விரலால் பிடித்துக்கொண்டே, போல்ட்டின் பள்ளம் அதன்மேல் ஏறும்படி நகர்த்துங்கள். போல்ட் பாதியில் நின்றால் எஜெக்டர் இடம் மாறிவிட்டது. தட்டி ஏற்றாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். லீவரின் நுனி போல்ட்டின் அடியில் உள்ள வாயில் நுழைந்த பிறகுதான் அச்சு ஸ்க்ரூவைப் போடவேண்டும். ஸ்க்ரூ கையாலேயே மூன்று நான்கு சுற்று சுற்றவேண்டும். மரை பிடிக்காமல் இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

காலித் துப்பாக்கியில் சில சோதனைகள் உண்டு. லீவரைச் சற்றே திறந்துவைத்து ட்ரிகரை அமுக்கினால் சுத்தியல் விழக்கூடாது. சுத்தியலை அரைக்கொக்கியில், அதாவது பாதி இழுத்த நிலையில், நிறுத்தி அமுக்கினாலும் விழக்கூடாது. எதில் விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

அதன்பிறகு டம்மி. குழாய் நிறைய, அதாவது 20 அங்குலக் குழல் உள்ள 336இல் ஆறு போட்டு, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு தோளில் வைத்து ஓட்டுங்கள். குழாய் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் அழுத்தம் அதிகம். கடைசி ஒன்று இருக்கும்போது குறைவு. இரண்டு முனையிலும் ஓடவேண்டும். துப்பாக்கி சுடும் திடலுக்குப் போனதும் முதலில் ஒரே ஒரு தோட்டா, அடுத்து இரண்டு, பிறகுதான் குழாய் நிறைய. வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே போட்டு, அந்தக் குளிரில் போடும் கையுறையையும் மாட்டிக்கொண்டு சுட்டுப் பாருங்கள். தடித்த கையுறை போட்டதும் லீவர் வளையத்துக்குள் கை நெருங்கி, பலருக்கு மறுபடி பாதி இழுப்பு ஆரம்பித்துவிடும்.